தீவு டவருக்கு 44 போதாது

அந்தமானில் நிமிர்த்துவதற்காக என் கைக்கு வருகிற டவர் வரைபடங்களின் ஓரத்தில் ஓர் எண் தவறாமல் இருக்கும்: 44. காற்றுச் சுமைக்கான இந்திய விதிநூல், ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, போர்ட் பிளேயருக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் அது. நொடிக்கு 44 மீட்டர். மணிக்கணக்கில் ஏறத்தாழ 158 கிலோமீட்டர். சென்னைக்கு 50, மதுரைக்கு 39. ஊரின் பெயர் 2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று மாறிவிட்டது. டவர் போடுகிறவர்களின் கணக்கு மட்டும் அந்த 44ஐத் தாண்டி நகர மறுக்கிறது. நகர்ந்தே ஆகவேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பா மண்டபத்திலிருந்து கப்பலேறி வந்து ஹட்டோ துறையில் வேலை பார்த்தவர். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964 டிசம்பரைப் பற்றியும், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்ட காற்றுமானியைப் பற்றியும் கேட்டு வளர்ந்தவன் நான். சிவில் டிப்ளமோ முடித்து டவர் நிமிர்த்தும் வேலைக்குப் போனேன். இப்போது, நிற்கிற டவர்கள் தாங்குமா தாங்காதா என்று அளந்து, கணக்குப் போட்டுச் சான்று எழுதுவது என் பிழைப்பு. காற்று எனக்கு வானிலை அறிக்கையில் வரும் செய்தி அல்ல. ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய சுமை.

முதலில் அந்த 44 என்ன என்று பார்த்துவிடுவோம். மரமோ கட்டடமோ மறைக்காத திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், மூன்று நொடி நீடிக்கும் ஒரு வீச்சின் வேகம் அது. 50 ஆண்டில் சராசரியாக ஒருமுறை மிஞ்சப்படும் வேகம். இதைக் கேட்டதும் பலர், “அப்படியானால் நம் காலத்தில் வராது” என்று ஆறுதல் கொள்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. எந்த ஓர் ஆண்டிலும் அது மிஞ்சப்படுவதற்கு நூற்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. 50 ஆண்டு நிற்கப்போகிற டவர், தன் ஆயுளில் ஒருமுறையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 64.

அடிப்படை வேகத்தை அப்படியே டவர்மீது போட்டுவிடுவதும் இல்லை. அதை நான்கு எண்களால் பெருக்கச் சொல்கிறது விதிநூல். கட்டமைப்பு எத்தனை முக்கியம், எத்தனை காலம் நிற்க வேண்டும் என்பதற்கு ஒன்று. தகவல்தொடர்பு டவருக்கு 44 மண்டலத்தில் அது 1.07. உயரத்துக்கும் சுற்றுப்புறத்துக்குமாக ஒன்று. கடலைப் பார்த்த வெளியில் 30 மீட்டர் உயரத்தில் 1.15. மூன்றாவது, மலைச்சரிவுக்கு. நான்காவது, புயலுக்கு. தீவுகளில் தகராறே இந்தக் கடைசி இரண்டில்தான்.

நான்காவது எண் 2015 திருத்தத்தில் சேர்ந்தது. புயல் வரும்போது, வரைபடத்தில் போட்ட வேகத்தைக் காற்று பல முறை தாண்டிவிடுகிறது என்பதைக் கண்டபிறகு வைத்த எண் அது. புயல் ஓய்ந்தபின் உயிர் காக்க வேண்டியவற்றுக்கு, அதாவது புயல் காப்பகம், மருத்துவமனை, பள்ளி, தகவல்தொடர்பு டவர் போன்றவற்றுக்கு, 1.30. தொழிற்கூடங்களுக்கு 1.15. மற்றவற்றுக்கு 1.00. டவரைப் பெயர் சொல்லியே முதல் வரிசையில் வைத்திருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பத்தி எந்தப் பகுதிக்கு என்று படித்தால், இந்தியாவின் கிழக்குக் கடற்கரையிலும் குஜராத் கடற்கரையிலும் கரையோரமாக 60 கிலோமீட்டர் அகலப் பட்டைக்கு என்று இருக்கிறது. அந்தமான் நிக்கோபார் என்ற பெயர் அங்கே இல்லை.

எங்கள் அந்தமான் கூட்டத்தின் அதிகபட்ச அகலமே 52 கிலோமீட்டர். நிக்கோபார் 58. எந்த மூலையில் நின்றாலும் கடல் 30 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். 60 கிலோமீட்டர்ப் பட்டை என்ற அளவுகோலை மதித்தால் தீவு முழுக்க அதற்குள் அடக்கம். மெயின்லேண்டில் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர் வாசகத்தைப் பார்க்கிறார்; பெயர் இல்லை; 1.00 என்று எழுதி அடுத்த பக்கம் போகிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, விதிப்படி அது சரி. டவர் நிற்பதோ இங்கே.

1.00க்கும் 1.30க்கும் இடையில் உள்ளது வெறும் முப்பது சதவீதம் என்று நினைத்துவிடக் கூடாது. காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. வேகத்தைத் தன்னாலேயே பெருக்கி 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். ஆகவே வேகத்தில் 1.30 என்றால் சுமையில் 1.69. வேகம் இரட்டித்தால் சுமை நாலு மடங்கு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை நான் மதிக்கிறேன். வங்கக்கடல் புயல்கள் பல அந்தமான் கடலில் பிறக்கின்றன. எங்களைக் கடக்கும்போது குழந்தையாகவே இருக்கின்றன. வலுப்பெறுவது மேற்கே போன பிறகு. 2013 நவம்பர் லெஹர் அப்படித்தான் தெற்கு அந்தமானைக் கடந்தது. 2014 அக்டோபரில் லாங் ஐலண்ட் பக்கமாகப் போன ஹுட்ஹுட், நான்கு நாள் கழித்து விசாகப்பட்டினத்தைப் புரட்டிப்போட்டது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் புயல் சுழலவே திணறும் என்பதால் கிரேட் நிக்கோபார் பக்கம் ஆபத்து இன்னும் குறைவு. எல்லாம் உண்மை. அதனால்தான் இங்கே 44, சென்னைக்கு 50.

ஆனால் காற்றுமானி வைத்து அளந்த காலம் மிகக் குறுகியது. அதற்கு முன் அடித்த காற்றுக்கு வேறு சாட்சிகள் இருக்கின்றன. 1844 நவம்பரில் பிரிட்டன், ரன்னிமீட் என்ற இரண்டு படைக்கப்பல்கள், நூற்றுக்கணக்கான ஆட்களோடு, அந்தமானில் ஹாவ்லாக்குக்கு அருகிலுள்ள ஜான் லாரன்ஸ் தீவில் பக்கத்தில் பக்கத்தில் கரையேற்றப்பட்டன. அவற்றில் பிரிட்டனைப் புயல் பவளத்திட்டுக்கு மேலாகத் தூக்கிக்கொண்டுபோய் அலையாத்திக் காட்டுக்குள் வைத்தது. 1891 நவம்பரில் இன்னொன்று, போர்ட் பிளேயரின் வாசலிலேயே. என்டர்பிரைஸ் என்ற கப்பல் பாறையில் மோதி உடைந்தது. தெற்கு முனைச் சிறையில் இருந்த பெண் கைதிகள் கைகோத்துக் கடலுக்குள் இறங்கி, பிழைத்தவர்களைக் கரைக்கு இழுத்தார்கள். இந்த இரண்டும் குழந்தைப் புயல்களா? நூறாண்டுக்கு மேலாக அப்படி ஒன்று நகரத்தின் மேல் நேராக வரவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தைக் கணக்கில் பெருக்குத்தொகையாக எழுதும் வழக்கம் எந்த விதிநூலிலும் கிடையாது.

அடுத்தது மலை. போர்ட் பிளேயரில் சமதரை தேடினாலும் கிடைக்காது. அபர்டீன் பஜாரிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஏற்றம் அல்லது இறக்கம். தொடர்பு எட்ட வேண்டும் என்பதால் டவரை மேட்டின் தலையில்தான் வைப்பார்கள், வைக்கவும் வேண்டும். கடலிலிருந்து வரும் காற்று சரிவில் ஏறும்போது நெருக்குண்டு வேகம் பிடிக்கிறது. சரிவு மூன்று டிகிரியைத் தாண்டினாலே அதைக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது விதிநூல். செங்குத்தான மேட்டின் உச்சியில் அந்த எண் 1.36 வரைக்கும் போகும். வரைபடத்தில் அந்த இடத்தில் 1.00 என்று பார்த்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும், போட்டவர் அந்த மேட்டில் ஏறிப் பார்த்தவரில்லை.

ஒரு டவரை எடுத்துக்கொள்கிறேன். 30 மீட்டர் உயரம், கடலைப் பார்த்த மேடு, மலைக்கு நடுத்தரமாக 1.2. புயலுக்கும் மலைக்கும் 1.00 போட்டால் உச்சியில் காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 179 கிலோ. இரண்டையும் உள்ளபடி போட்டால் 436 கிலோ. இரண்டே கால் மடங்குக்கும் மேல். டவர் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். தாளில் இரண்டு கட்டங்களை ஒருவர் எப்படி நிரப்பினார் என்பதில் வருகிற வித்தியாசம் இது.

அந்த அழுத்தம் எதன்மீது விழுகிறது என்பது அடுத்த கேள்வி. ஆங்கிள்களைச் சட்டமாகக் கோத்த டவரில் காற்று பெரும்பாலும் இடைவெளி வழியே ஓடிவிடும். அதற்காகவே அப்படிக் கட்டுகிறார்கள். டிஷ்ஷும் ஆன்டெனாவும் காற்றை விடாது. 1.2 மீட்டர் விட்டமுள்ள ஒரு மைக்ரோவேவ் டிஷ், குழிந்த பக்கம் காற்றை நேருக்கு நேர் பார்த்தால், மேலே சொன்ன 436 கிலோ அழுத்தத்தில் ஏறத்தாழ 690 கிலோ தள்ளலை வாங்கும். அது 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டவரின் கால்கள் மூன்று மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன என்றால், காற்றுவரும் பக்கத்துக் கால் ஒவ்வொன்றையும் அந்த ஒற்றை டிஷ் ஏறத்தாழ மூன்றரை டன் விசையோடு மண்ணிலிருந்து பிடுங்கப் பார்க்கும். ஒரே ஒரு டிஷ்.

தெற்கு அந்தமானில் ஒரு கிராமத்து மேட்டில் டவர் ஒன்றைச் சோதிக்கப் போயிருந்தேன். யாருடைய டவர் என்பது இங்கே தேவையில்லை. என்னிடம் இருந்த வரைபடத்தில் மூன்று செக்டர் ஆன்டெனாவும் ஒரு சிறிய டிஷ்ஷும். நிமிர்ந்து பார்த்தால் ஆன்டெனா ஒன்பது, டிஷ் மூன்று, அதற்கும் கீழே பெட்டி பெட்டியாக ரேடியோ யூனிட்டுகள், ஏணியின் இரண்டு பக்கமும் கை பருமனுக்குக் கேபிள் கட்டு. ரங்கத்துக்காரத் தம்பி ஒருவன் மேலே ஏறினான். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே கூப்பிட்டான்.

“அண்ணே, பெரிய டிஷ் பைப்பைக் குறுக்கு ஆங்கிள்ல கட்டியிருக்காங்க. கால்ல இல்ல.”

“எந்தக் குறுக்கு? கணுவுக்குப் பக்கத்துலயா, நடுவுலயா?”

“நட்ட நடுவுல அண்ணே. ஆங்கிள் வளைஞ்சிருக்கு. போல்ட்டைச் சாவி போடாமக் கையாலயே திருப்புறேன், சுத்துது.”

குறுக்கு ஆங்கிள், இழுவையையும் அழுத்தத்தையும் தன் நீளவாக்கில் வாங்குவதற்காக வைத்தது. நடுவில் ஒரு டிஷ்ஷைத் தொங்கவிட்டால் அது வளையத்தான் செய்யும். வளைந்த உறுப்பு தன் வேலையைப் பக்கத்து உறுப்புக்குத் தள்ளும். அது எந்தக் கணக்கிலும் இல்லாத வேலை. டிஷ்ஷை மாட்டியவர் கெட்டவர் அல்ல. இரவுக்குள் லிங்க் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள், அவர் கொடுத்தார். சென்னையிலிருந்து கடலடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் வந்து, 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி திறக்கப்பட்ட பிறகு, மக்களுக்கு நெட் வேண்டும் என்ற நெருக்கடி பத்து மடங்காகியது. கச்சால் போல, அந்தக் கேபிள் நேரே போய் இறங்காத தீவுகளுக்கும் யாராவது தொடர்பு கொடுத்தாக வேண்டும். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களை ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்திய தீவு அது. நெட் வருவது நல்லது. ஒவ்வொரு முறை ஏதாவது ஏறும்போதும் கணக்கும் கூடவே ஏற வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. ஐந்தாண்டு பழைய சான்றின் நகலை வைத்துக்கொண்டு புது டிஷ்ஷுக்கு அனுமதி கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

துருவைச் சொல்லாமல் தீவு டவரைப் பற்றிப் பேச முடியாது. கனமான ஆங்கிளுக்குத் துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு 610 கிராம் என்பது வழக்கம். தடிமனில் 86 மைக்ரான் அளவு. உப்புக்காற்று கடுமையாக அடிக்கிற கரையில் ஆண்டுக்கு நான்கிலிருந்து எட்டு மைக்ரான் வரை தின்றுவிடும். மெயின்லேண்டின் உள்நாட்டு ஊரில் தலைமுறை தாங்கும் பூச்சு இங்கே பத்து, இருபது ஆண்டில் முடிந்துபோகும். பூச்சு போனால் ஆங்கிளின் தடிமனே குறையத் தொடங்கும். ஆறு மில்லிமீட்டர் என்று வரைபடம் சொல்லும். அளந்தால் ஐந்துகூட இருக்காது. மழைநீர் தேங்கும் கணுத்தகடுகளில் இன்னும் மோசம். காரைக்குடி சிக்ரி நிறுவனம் இந்தியாவுக்கே அரிமான வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறது. மண்டபத்தில் கடற்காற்றில் உலோகத் தகடுகளை வைத்து ஆண்டுக்கணக்காகச் சோதிக்கிறார்கள். அந்த அறிவு நம் கையில் இருக்கிறது. டவரின் காற்றுக் கணக்கைப் போடுகிறவர், புதிதாக வாங்கிய ஆங்கிளின் தடிமனை எழுதாமல், இன்று அளந்த தடிமனை எழுதினால் போதும்.

மாடிமேல் நிற்கிற கம்பங்கள் தனிக் கவலை. ஸ்டே கம்பி கட்டி நிறுத்திய ஒல்லிக் கம்பம் பார்க்க எளிமையானது. அதன் உயிர் முழுக்க அந்தக் கம்பிகளிலும், அவை மாட்டியிருக்கும் கொக்கிகளிலும்தான். போலந்தில் 646 மீட்டர் உயர வானொலிக் கம்பம், அப்போது உலகிலேயே உயரமானது, 1991 ஆகஸ்ட் 8ஆம் தேதி ஸ்டே கம்பி மாற்றும் வேலை நடக்கும்போது சரிந்தது. கம்பம் பலமாகத்தான் இருந்தது, பிடி போய்விட்டது. எங்கள் ஊரில் பிடி போவது வேறு வழியில். பழைய வீடுகள் பலவற்றுக்குக் கடற்கரை மணலைத்தான் அள்ளினார்கள். 2002இல் உச்ச நீதிமன்றம் அதைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. உப்பு மணலில் போட்ட கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து வீங்கி, சிமெண்ட் பொடிப்பொடியாக உதிரும். அந்தத் தளத்தில் துளைபோட்டு நட்ட போல்ட்டில் ஸ்டே கம்பியை இழுத்துக் கட்டுகிறார்கள். கம்பத்துக்கு எத்தனை நுணுக்கமாகக் காற்றுச் சுமை போட்டாலும், அந்த போல்ட் எத்தனை கிலோவுக்குப் பிடுங்கிக்கொள்ளும் என்று இழுத்துப் பார்க்காவிட்டால் அந்தக் கணக்கால் பயனில்லை.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2004ஐச் சொல்வேன். அந்த டிசம்பர் தொடக்கத்தில், ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேயர் வந்தது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு தீவிலிருந்து ஹாம் ரேடியோவுக்கு அனுமதி கிடைத்திருந்தது. விடுதி ஒன்றில் ஆன்டெனா கட்டி, உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். 26ஆம் தேதி காலை நிலம் ஆடியது, கடல் வந்தது, போன்கள் ஓய்ந்தன. அதே ஆன்டெனா வழியாக அவர்கள் தகவல் அனுப்பத் தொடங்கினார்கள். யார் உயிரோடு இருக்கிறார், எங்கே என்ன தேவை என்று மெயின்லேண்டுக்குச் சேதி போனது. கார் நிக்கோபாருக்கும் ஆள் போய் நிலையம் அமைத்தார்கள். பொழுதுபோக்குக்காகக் கட்டிய ஒரு கம்பம் அன்று நின்றதால் எத்தனை குடும்பங்களுக்குச் சேதி கிடைத்தது. அன்று வந்தது நீர். காற்று வரும் நாளில், காற்றாலேயே முதலில் சாயக்கூடிய ஒன்றை நம்பித்தான் ஹட்பேயும் மாயாபந்தரும் காம்ப்பெல் பேயும் உதவி கேட்டாக வேண்டும். ஒரு மாவட்டத்தில் டவர் விழுந்தால் அடுத்த மாவட்டத்திலிருந்து லாரியில் ஜெனரேட்டரும் தற்காலிகக் கம்பமும் வந்துவிடும். 2018இல் கஜா புயல் டெல்டாவைச் சாய்த்தபோது அப்படி வந்தன. இங்கே கப்பல் வர வேண்டும், கப்பலுக்குக் கடல் அடங்க வேண்டும்.

செலவு கூடும் என்பார்கள். கூடும்தான். ஆனால் சுமை 1.69 மடங்கானால் இரும்பும் அதே அளவு ஏறும் என்பதில்லை. கால்களின் அகலத்தை விரித்தாலே கணிசமான பங்கு சமாளிக்கப்படும். கூடுதல் பணம் பெரும்பாலும் அடிமானக் கான்கிரீட்டில் போகும். நிற்கிற பழைய டவர்களுக்கு ஒன்றும் செலவில்லாத மருந்து இருக்கிறது: தேவையற்ற டிஷ்ஷை இறக்கிவிடலாம். லிங்க் கேபிளுக்கு மாறிய பிறகும் வேலையில்லாத டிஷ்கள் உச்சியில் காற்று வாங்கிக்கொண்டு இருப்பதை நகரத்திலேயே பார்க்கலாம்.

தர நிர்ணய அமைவனம் தன் பத்தியில் தீவுகளின் பெயரைச் சேர்க்கட்டும். அதற்குக் காலம் பிடிக்கும். அதுவரை தீவு நிர்வாகம் ஒரு பக்க உத்தரவு போட்டால் போதும்: இங்கே எழும்பும், இங்கே நிற்கும் தகவல்தொடர்பு டவர் ஒவ்வொன்றுக்கும் புயல் எண் 1.30, மலை எண் இடத்துக்குப் போய் அளந்தபடி. சென்னை தரமணியில், டவர்களை முழு அளவில் நிறுத்தி இழுத்து முறித்துச் சோதிக்கும் நிலையமும் காற்றுச் சுரங்கமும் வைத்திருக்கும் எஸ்.இ.ஆர்.சி. இருக்கிறது, சந்தேகமான மேடுகளுக்கு அவர்களிடம் எண் கேட்கலாம். டவர் அடியில், வேலியின் வெளிப்பக்கம் ஒரு பலகையும் வேண்டும். எந்தக் காற்று வேகத்துக்குக் கணக்குப் போட்டது, எத்தனை ஆன்டெனா, எத்தனை டிஷ் அனுமதி, கடைசியாக எப்போது தடிமன் அளந்தது என்று தமிழ், இந்தி, வங்காளம் மூன்றிலும் எழுதியிருக்க வேண்டும். அப்போது கிராமப் பிரதானே மேலே எண்ணிப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். தென்மேற்குக் காற்று மே மாதம் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு யாரையும் மேலே ஏற்ற முடியாது. ஆகவே இந்தச் சோதனைகள் மார்ச்சிலும் ஏப்ரலிலும் முடிந்திருக்க வேண்டும். ரிக்கர்கள் இருக்கிறார்கள், அளவுக் கருவிகள் இருக்கின்றன. உத்தரவு மட்டும்தான் வரவேண்டியிருக்கிறது.